முதல் படகு, முதல் ஜி.பி.எஸ்: கடைக்குப் போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பைபர் படகு ஒன்றைச் சொந்தமாக வாங்குவது என்பது கடலோரக் குடும்பங்களில் பல வருடக் கனவு. அதற்காக நகை அடகுக்குப் போயிருக்கும், சங்கத்தில் கடன் வாங்கியிருப்பார்கள். படகு, இன்ஜின், வலை என்று பட்டியல் போட்டுப் பணம் கரைந்த பிறகு, கடைசியில் மிச்சம் இருக்கும் தொகையைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஜி.பி.எஸ், எக்கோ, வயர்லெஸ் விற்கும் கடைக்குப் போகிறார்கள்.

அங்கேதான் குழப்பம் ஆரம்பிக்கிறது. 5 இன்ச், 7 இன்ச், 9 இன்ச் என்று வண்ணத் திரைகள். சர்ப், சைடு இமேஜிங், ஏ.ஐ.எஸ் என்று வாயில் நுழையாத பெயர்கள். சில ஆயிரத்தில் தொடங்கி லட்சத்தைத் தாண்டும் விலைகள். பக்கத்து வீட்டுக்காரர் படகில் இருப்பதையே வாங்கிவிடலாம் என்று முடிவு செய்பவர்கள்தான் அதிகம். ஆனால், பக்கத்து வீட்டுக்காரர் 80 பாகம் ஆழத்தில் தூண்டில் போடுகிறவராகவும், நீங்கள் 5 பாகத்தில் நண்டு வலை விடுகிறவராகவும் இருக்கலாம். அவருக்கு ஏற்ற கருவி உங்களுக்கு வீண் செலவு.

1,076 கிலோமீட்டர் நீளம் என்று சொல்லப்படும் தமிழகக் கடற்கரையில் கடல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரங்களின் இடத்தைப் பெருமளவு பைபர் படகுகள் பிடித்துக்கொண்டன. அந்தப் படகுகளில் எதைப் பொருத்த வேண்டும், எதை விட்டுவிடலாம், எந்த வரிசையில் வாங்கலாம்?

கடையைப் பார்க்கும் முன் கடலைப் பாருங்கள்

பாக் விரிகுடாவில் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழம்கூட இல்லை. அங்கே தொழில் செய்பவருக்கு 500 மீட்டர் ஆழம் வரை காட்டும் எக்கோ எதற்கு? அவருடைய பிரச்னை ஆழம் அல்ல, எல்லை. இந்தியா - இலங்கை கடல் எல்லைக்கோடு 1974, 1976 ஆண்டுகளின் ஒப்பந்தங்களில் வகுக்கப்பட்டது. ராமேஸ்வரத்திலிருந்து கிளம்பும் படகு சில மணி நேரத்தில் அந்தக் கோட்டைத் தொட்டுவிடும். தண்ணீரில் கோடு தெரியாது. தாண்டினால் கைது, படகு பறிமுதல், பல மாதச் சிறை என்று குடும்பமே நிலைகுலையும். ஆக, பாக் விரிகுடாக்காரருக்கு முதல் தேவை, எல்லையை நெருங்கும்போதே அலறும் ஜி.பி.எஸ்.

மன்னார் வளைகுடாவில் பார்கள் அதிகம். பார் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று தெரிந்தால்தான் வலை கிழியாது, தூண்டிலுக்கு மீனும் கிடைக்கும். இங்கே நல்ல எக்கோவுக்கு மதிப்பு உண்டு. கன்னியாகுமரிக்குத் தெற்கே வாட்ஜ் பேங்க் பக்கம் போகிறவர்களுக்கு ஆழமும் தூரமும் சேர்ந்தே வரும். அவர்களுக்குத் தகவல் தொடர்புக் கருவிதான் உயிர்நாடி. சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வரையிலான சோழமண்டலக் கரையில் அலையைத் தாண்டிப் படகைத் தள்ளி இறக்கி, மறுபடி மணலில் இழுத்து ஏற்றுகிறார்கள். அங்கே படகின் அடியில் பொருத்தும் எந்தக் கருவியும் உடைவதற்குத் தயாராக இருக்கிறது என்று அர்த்தம்.

கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் நான்கு விஷயங்களை எழுதிக்கொண்டால் போதும்: கரையிலிருந்து எவ்வளவு தூரம் போகிறோம், எத்தனை பாகத்தில் தொழில், எத்தனை மணி நேரம் கடலில் இருக்கிறோம், படகைத் துறைமுகத்தில் கட்டுகிறோமா மணலில் ஏற்றுகிறோமா. இந்த நான்குக்கும் பதில் இருந்தால் கடைக்காரர் காட்டுவதில் பாதியை அங்கேயே ஒதுக்கிவிடலாம்.

ஜி.பி.எஸ்: கையில் பிடிப்பதா, படகில் பொருத்துவதா?

முதல் படகுக்கு முதல் கருவி ஜி.பி.எஸ்தான். இதில் மூன்று வகை உண்டு. கையடக்கக் கருவி பேட்டரி செல்லில் ஓடும், படகில் வயரிங் வேண்டாம், மாலையில் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். வரைபடம் காட்டும் பிளாட்டர் படகில் நிரந்தரமாகப் பொருத்துவது. மூன்றாவது, ஜி.பி.எஸ்ஸும் எக்கோவும் ஒரே திரையில் வரும் காம்போ.

கரையோரத் தொழிலுக்குக் கையடக்கக் கருவியே தாராளம். மீன் கிடைத்த இடத்தைக் குறித்து வைக்கும் பாயின்ட், வந்த வழியே திரும்ப உதவும் ட்ராக், ஆள் கடலில் விழுந்தால் அந்த இடத்தை ஒரே அழுத்தலில் பதிவு செய்யும் எம்.ஓ.பி வசதி, எல்லை அலாரம் ஆகிய நான்கும் இருக்கின்றனவா என்று கடையிலேயே இயக்கிப் பார்த்து வாங்க வேண்டும்.

பிளாட்டரோ காம்போவோ வாங்குவதென்றால் கேட்க வேண்டிய முதல் கேள்வி, நம் கடலின் வரைபடம் உள்ளே இருக்கிறதா என்பதுதான். வெளிநாட்டுச் சந்தைக்காகத் தயாரான சில கருவிகளில் அமெரிக்க ஏரிகளின் படம் துல்லியமாக இருக்கும், நம் கரை வெறும் கோடாகத் தெரியும். வரைபட அட்டை தனியாக வாங்க வேண்டுமா, அதற்கு எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். வரைபடம் இருந்தாலும் கரைக்கு அருகே அதை முழுதாக நம்ப முடியாது. முகத்துவார மணல் மேடு ஒவ்வொரு பருவமழைக்கும் இடம் மாறும். போன வருடம் பத்திரமாக உள்ளே வந்த ட்ராக், இந்த வருடம் படகை மணல் மேட்டின் மீது கொண்டுபோய் நிறுத்தலாம். தேங்காய்ப்பட்டணம் துறைமுக முகத்துவாரத்தில் படகுகள் கவிழ்ந்து உயிர்கள் போனதை குமரிக் கரை மறக்காது. முகத்துவாரத்தில் திரையைவிட அலையைப் பார்க்கும் கண்ணுக்குத்தான் முதல் உரிமை.

ஒரு புள்ளியில் 600 மீட்டர்

புதிதாக ஜி.பி.எஸ் வாங்குகிறவர்கள் அதிகம் சறுக்கும் இடம், எண்களை எழுதும் முறை. ஒரே இடத்தை மூன்று விதமாக எழுதலாம். பாகை மட்டும் தசமத்தில், பாகையும் தசம நிமிடமும், பாகை - நிமிடம் - விநாடி.

வயர்லெஸ்ஸில் ஒருவர் 'ஒன்பது, பதினேழு, ஐம்பது' என்று இடம் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கருவியில் அது 9 பாகை 17.50 நிமிடம். உங்கள் கருவி விநாடிக் கணக்கில் இருந்தால் நீங்கள் 9 பாகை 17 நிமிடம் 50 விநாடி என்று பதிவீர்கள். ஆனால், 17.50 நிமிடம் என்பது 17 நிமிடம் 30 விநாடி. இடையில் 20 விநாடி வித்தியாசம். அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர். 20 விநாடி என்றால் சுமார் 617 மீட்டர். வலையைத் தேடுகிறவருக்கு அது ஒரு மணி நேர டீசல். கவிழ்ந்த படகைத் தேடுகிறவருக்கு அது உயிர்.

எனவே உங்கள் ஊரில் மற்ற படகுகள் எந்த முறையில் வைத்திருக்கிறார்களோ, அதே முறைக்கு உங்கள் கருவியையும் முதல் நாளே மாற்றிவிடுங்கள். எண்ணைச் சொல்லும்போது 'புள்ளி' என்ற சொல்லை விழுங்காமல் சொல்லப் பழகுங்கள். வரைபட அடிப்படை டபிள்யூ.ஜி.எஸ் 84 என்று இருக்கிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லை அலாரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. அலாரத்தை எல்லைக்கோட்டிலேயே வைத்தால் அது அடிக்கும்போது நீங்கள் தாண்டியிருப்பீர்கள். நீரோட்டம் மணிக்கு ஒரு கடல் மைல் வேகத்தில் இழுத்தால், வலையை விட்டுவிட்டு 3 மணி நேரம் கண்ணயர்ந்தவர் விழிக்கும்போது படகு 3 கடல் மைல் நகர்ந்திருக்கும். கோட்டுக்கு இந்தப் பக்கம் 2, 3 கடல் மைல் தள்ளி அலாரம் வைப்பதே புத்திசாலித்தனம். எல்லைப் புள்ளிகளை யாரோ அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியிலிருந்து எடுக்காமல், மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டு வாங்கிப் பதிவது நல்லது. டீசல் இன்ஜின் சத்தத்தில் சின்னக் கருவியின் பீப் ஒலி காதில் விழாது. வெளியே தனி பஸர் இணைக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

எக்கோ: மீனைக் காட்டுமா, ஆழத்தைக் காட்டுமா?

எக்கோ சவுண்டரின் வேலை எளிமையானது. படகின் அடியிலிருந்து ஒலி கீழே போகிறது, தரையில் பட்டுத் திரும்புகிறது. கடல் நீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். 30 மீட்டர் ஆழத்தில் போய்த் திரும்ப 0.04 விநாடி. அந்த நேரத்தை வைத்துத்தான் கருவி ஆழத்தைக் கணக்கிடுகிறது. வழியில் மீன் கூட்டம் இருந்தால் அதுவும் எதிரொலிக்கும்.

கடையில் 50 என்றும் 200 என்றும் சொல்வது கிலோஹெர்ட்ஸ் கணக்கு. 200 என்பது கூர்மையாகக் காட்டும், ஆனால் அதிக ஆழத்துக்குப் போகாது. 50 ஆழமாகப் போகும், அகலமாகப் பார்க்கும், நுணுக்கம் குறையும். 20 பாகை கூம்பில் ஒலி விடும் கருவி 30 மீட்டர் ஆழத்தில் ஏறக்குறைய 10 மீட்டர் வட்டத்தைத்தான் பார்க்கிறது. திரையில் தெரியும் மீன் படகுக்கு நேர் கீழே இருக்கிறது என்று பொருள் இல்லை, அந்த வட்டத்துக்குள் எங்கேயோ இருக்கிறது. சர்ப் என்பது ஒரே அலைவரிசைக்குப் பதில் பல அலைவரிசைகளை வரிசையாக விடும் முறை. அருகருகே இருக்கும் மீன்களைப் பிரித்துக் காட்டுவதில் அது மேல். சைடு இமேஜிங் பார்க்கப் பிரமாதமாக இருந்தாலும் ஆழம் குறைந்த, அலை அடங்கிய தண்ணீரில்தான் அதன் திறமை தெரியும். முதல் படகுக்கு அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

திரையில் வரும் மீன் பொம்மைகளை நம்பி ஏமாற வேண்டாம். எதிரொலி வலுவாக வருவதற்கு முக்கியக் காரணம் மீனின் உடலுக்குள் இருக்கும் காற்றுப் பை. சாளை, நெத்திலி போன்றவற்றுக்கு அது உண்டு, கூட்டமாகவும் இருக்கும். எனவே திரையில் பளிச்சென்று தெரியும். வஞ்சிரத்துக்கும் கணவாய்க்கும் காற்றுப் பை கிடையாது. விலை அதிகம் போகும் மீன்தான் திரையில் மங்கலாகத் தெரியும். பொம்மை காட்டும் வசதியை அணைத்துவிட்டு, வெறும் எதிரொலிப் படத்தைப் படிக்கப் பழகியவர்களுக்குத்தான் எக்கோ பயன்படுகிறது. தரை பாறையா சேறா என்பதும் அதிலேயே தெரியும். கெட்டியான தரை தடித்த, பிரகாசமான கோடாக வரும். சேறு மங்கலாக வரும்.

ஆழத்தை மீட்டர், அடி, பாகம் என மூன்றிலும் காட்டும் வசதி பல கருவிகளில் உண்டு. அதைப் பாகத்துக்கு மாற்றிவைத்தால் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் கணக்கும் திரையும் ஒரே மொழியில் பேசும். ஒரு பாகம் என்பது 6 அடி, சுமார் 1.8 மீட்டர்.

வாங்குவதைவிடப் பொருத்துவது முக்கியம். ஒலி அனுப்பும் டிரான்ஸ்டியூசரை இன்ஜின் காற்றாடிக்கு அருகில் வைத்தால் நுரையும் குமிழும் தவிர வேறொன்றும் தெரியாது. காற்றாடியிலிருந்து ஒன்றரை அடியாவது தள்ளி, குமிழ் இல்லாத தண்ணீர் ஓடும் இடத்தில் வைக்க வேண்டும். மணலில் ஏறும் படகுகளுக்குச் சுலபமான வழி, ஒரு கம்பில் பொருத்தி, கடலில் இறக்கி, கரைக்கு வரும்போது தூக்கிவிடுவது. படகின் உள்பக்கமே ஒட்டும் முறையும் உண்டு. கெட்டி பைபராக இருந்தால் மட்டுமே அது வேலை செய்யும். நடுவில் ஃபோமோ மரமோ வைத்த அடித்தளத்தில் ஒலி வெளியே போகாது.

வயர்லெஸ்: வாட்ஸைவிட உயரம்

கையில் பிடிக்கும் வி.எச்.எஃப் வாக்கி டாக்கி 5 வாட், படகில் பொருத்துவது 25 வாட். வாட் கூடினால் தூரமும் அதே அளவு கூடும் என்று நினைப்பது தவறு. வி.எச்.எஃப் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகிறது. கடலின் வளைவு அதை மறைத்துவிடும். ஒன்றரை மீட்டர் உயரத்தில் பிடித்த இரண்டு வாக்கி டாக்கிகள் சுமார் 5 கடல் மைலுக்குள்தான் பேச முடியும். இரு படகிலும் 4 மீட்டர் கம்பத்தில் ஆன்டெனா வைத்தால் அது 9 கடல் மைல் அளவுக்குப் போகும். நல்ல ஆன்டெனாவுக்கும் அதைத் தாங்கும் கம்பத்துக்கும் செலவழிக்கும் பணம் வீணாகாது.

வாங்கும்போது அது கடல்சார் வி.எச்.எஃப் கருவிதானா என்று பார்க்க வேண்டும். பாதுகாவலர்கள் பயன்படுத்தும் சாதாரண வாக்கி டாக்கி வேறு அலைவரிசையில் இயங்கும். ஆபத்து நேரத்தில் கப்பல்களும் கடலோரக் காவல் படையும் கேட்கும் சேனல் 16. அது 156.8 மெகாஹெர்ட்ஸ். கருவிக்குத் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி தேவை. கடைக்காரர் அதற்கு உதவுவாரா, மீன்வளத் துறை மூலம் செய்ய வேண்டுமா என்று பணம் கட்டும் முன் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் உறவினர்கள் அன்போடு வாங்கி வரும் சாட்டிலைட் போனை வாங்கிப் படகில் வைத்துவிட வேண்டாம். துராயா, இரிடியம் போன்ற சாட்டிலைட் போன்களை உரிய அனுமதி இல்லாமல் இந்தியாவில் வைத்திருப்பது குற்றம். செயற்கைக்கோள் வழி செய்தி அனுப்பும் சிறிய கருவிகளுக்கும் இதே சிக்கல் உண்டு. உயிர் காக்கும் என்று நினைத்து வைத்திருக்கும் பொருள் வழக்கில் கொண்டுபோய் விடும்.

அரசு தருவதை முதலில் கேளுங்கள்

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது குமரிப் படகுகள் பல ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தன. கரையில் எச்சரிக்கை இருந்தும் அதை அவர்களுக்குச் சொல்ல வழி இல்லை. அந்தத் துயரத்துக்குப் பிறகுதான் கடலில் இருக்கும் மீனவருக்குச் செயற்கைக்கோள் வழியே செய்தி சொல்லும் முயற்சிகள் வேகம் பிடித்தன. 2019-ல் அறிமுகமான ஜெமினி கருவி, செல்போனுக்குப் புயல் எச்சரிக்கையையும் மீன் வளப் பகுதித் தகவலையும் கொண்டு சேர்த்தது. ஆனால், அது ஒருவழிப் பாதை. செய்தி வரும், பதில் போகாது.

இப்போது இருவழியில் பேசும் டிரான்ஸ்பாண்டர்கள் வந்துவிட்டன. இஸ்ரோ உருவாக்கிய தொழில்நுட்பத்தில், நாடு முழுவதும் 13 கடலோர மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் 1 லட்சம் படகுகளில் கட்டணமின்றிப் பொருத்தும் திட்டம் 364 கோடி ரூபாயில் 2024 ஆகஸ்ட்டில் தொடங்கிவைக்கப்பட்டது. விசைப்படகுகளோடு மோட்டார் பொருத்திய நாட்டுப் படகுகளும் இதில் அடங்கும். உங்கள் படகுக்குக் கிடைக்குமா என்று மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்ட பிறகே இதுபோன்ற கருவிக்குச் சொந்தப் பணம் போட வேண்டும்.

இஸ்ரோவின் ஆபத்து அறிவிப்புக் கருவியான டி.ஏ.டி 2010 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. பட்டனை அழுத்தினால் இருக்கும் இடத்தோடு செய்தி மீட்பு மையத்துக்குப் போகும். அதன் இரண்டாம் தலைமுறைக் கருவி, 'உங்கள் செய்தி கிடைத்துவிட்டது' என்று திரும்பவும் சொல்கிறது. நடுக்கடலில் தவிப்பவருக்கு அந்த ஒரு வரி எவ்வளவு பெரிய தைரியம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் தகவல் தொடர்புக் கருவிகளுக்கு மானியம் சேர்க்கப்பட்டிருக்கிறது. பொதுப் பிரிவினருக்கு 40 சதவிகிதம், பெண்கள் மற்றும் எஸ்.சி, எஸ்.டி பிரிவினருக்கு 60 சதவிகிதம் என்பது அந்தத் திட்டத்தின் பொது விதி. நிதி ஒதுக்கீடு அவ்வப்போது மாறும் என்பதால், பில் போடும் முன் அலுவலகத்தில் கேட்பதே சரி. வாங்கிய பிறகு போய்க் கேட்டுப் பயனில்லாமல் போகலாம்.

செல்போன் போதாதா?

இளைஞர்கள் கேட்கும் நியாயமான கேள்வி. செல்போனில் இருக்கும் ஜி.பி.எஸ் டவர் இல்லாமலும் இடம் காட்டும். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஃபிஷர் ஃபிரெண்ட் செயலி, தமிழக மீன்வளத் துறையின் தூண்டில் செயலி ஆகியவை எல்லையை நெருங்குவதைச் சொல்லும். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம், செயற்கைக்கோள் பதிவு செய்யும் கடல் வெப்பத்தையும் பாசி நிறமியையும் வைத்து மீன் வளப் பகுதிகளைக் கணித்துச் சொல்கிறது. அலை உயரம், காற்று வேக முன்னறிவிப்பும் தருகிறது. கிளம்பும் முன் கரையில் வைத்துப் பார்க்க இவை எல்லாமே நல்லவை.

ஆனால், கரை மறைந்ததும் சிக்னல் போகும், புதுத் தகவல் வராது. ஈரக் கையில் தொடுதிரை கேட்காது. வெயிலில் திரை மங்கும், சூட்டில் போன் அணைந்துபோகும். செல்போன் இரண்டாவது கருவியாக இருக்கலாம், ஒரே கருவியாக இருக்கக் கூடாது. நீர்புகா உறையும் பவர் பேங்க்கும் அதற்குத் துணை.

இவை எல்லாவற்றோடும் ஒரு நல்ல திசைகாட்டி படகில் இருக்கட்டும். ஜி.பி.எஸ் நகரும் படகுக்குத்தான் திசை சொல்லும். நின்ற படகின் அணியம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது அதற்குத் தெரியாது. திசைகாட்டிக்குத் தெரியும், பேட்டரியும் வேண்டாம். ஸ்பீக்கர், பேட்டரி வயர் அருகே மட்டும் அதை வைக்காதீர்கள், காந்தம் முள்ளை இழுக்கும்.

பேட்டரிக் கணக்கு

கயிறு இழுத்தோ, கைப்பிடி சுற்றியோ இன்ஜின் கிளப்பும் படகுகளில் பேட்டரியே இருக்காது. அங்கே திரையும் வயர்லெஸ்ஸும் பொருத்தினால் தனி 12 வோல்ட் பேட்டரி வேண்டும். கடலுக்குள் போய்ப் பாதி வழியில் கருவி அணைவது பெரும்பாலும் கருவியின் குற்றம் அல்ல, இந்தக் கணக்கைப் போடாததுதான்.

12 மணி நேரத் தொழில் என்று வைத்துக்கொண்டால், காம்போ திரை மணிக்கு 1 ஆம்பியர் எடுத்தால் 12. வயர்லெஸ் சும்மா கேட்டுக்கொண்டிருக்க அரை ஆம்பியர் வீதம் 6. மொத்தம் அரை மணி நேரம் பேசினால் 5 ஆம்பியர் வீதம் இரண்டரை. எல்.இ.டி விளக்குக்கு 10. கூட்டினால் சுமார் 30 ஆம்பியர் மணி. சாதாரண லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் வடிய விட்டால் சீக்கிரம் செத்துப்போகும். எனவே 60 ஆம்பியர் மணி பேட்டரி வேண்டும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை என்றால் 40 போதும், எடையும் குறைவு, விலை கூடுதல்.

வெறும் செம்பு வயர் உப்புக் காற்றில் சில மாதங்களில் பச்சை பூத்து, தொட்டால் உதிர்ந்துவிடும். ஈயம் பூசிய செம்பு வயர், ஒவ்வொரு கருவிக்கும் தனி ஃபியூஸ், இணைப்புகளில் கொஞ்சம் வாசலின். இவ்வளவுக்கும் ஆகும் செலவு கருவி விலையோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. ஐ.பி.எக்ஸ் 7 என்று கருவியில் எழுதியிருந்தால், 1 மீட்டர் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்று அர்த்தம். மிதக்கும் என்று அர்த்தமில்லை. கையடக்கக் கருவியைக் கயிற்றில் கட்டி வைக்க வேண்டும்.

கப்பலுக்கு நாம் தெரிகிறோமா?

பைபர் படகு கப்பலின் ராடாரில் சரியாகத் தெரியாது. ராடார் அலையை உலோகம் திருப்பி அனுப்பும் அளவுக்கு பைபர் அனுப்பாது. 2018 ஆகஸ்ட்டில் கேரளத்தின் முனம்பத்திலிருந்து போன விசைப்படகில் கப்பல் மோதியதில் குமரி மாவட்ட மீனவர்கள் பலர் இறந்தார்கள். பெரிய விசைப்படகுக்கே அந்தக் கதி என்றால், சிறு படகுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அலுமினியத் தகட்டாலான ராடார் ரிஃப்ளெக்டரைக் கம்பத்தின் உச்சியில் கட்டுவது மலிவான பாதுகாப்பு. அதற்கு மின்சாரம் தேவையில்லை. இருக்கும் இடத்தைக் கப்பல்களுக்கு அறிவிக்கும் ஏ.ஐ.எஸ் கருவி, கப்பல் பாதையைத் தாண்டி இரவில் தங்குகிறவர்களுக்குப் பயன்படும். காலையில் போய் மதியம் திரும்புகிற படகுக்கு ராடாரும் வேண்டாம், பெரிய செலவும் வேண்டாம்.

எந்த வரிசையில் வாங்கலாம்?

எல்லாவற்றையும் முதல் நாளே வாங்க வேண்டியதில்லை. ஒரே நாளில் போய்த் திரும்பும் பைபர் படகுக்கு இந்த வரிசை பொருத்தமாக இருக்கும்.

1. லைஃப் ஜாக்கெட், திசைகாட்டி, விளக்கு, ராடார் ரிஃப்ளெக்டர்.
2. எல்லை அலாரம் உள்ள கையடக்க ஜி.பி.எஸ்.
3. கடல்சார் வி.எச்.எஃப் வாக்கி டாக்கி. அரசு தரும் டிரான்ஸ்பாண்டர் அல்லது டி.ஏ.டிக்கு விண்ணப்பம்.
4. பேட்டரியும் ஒழுங்கான வயரிங்கும்.
5. ஒரு சீசன் தொழில் பார்த்துத் தேவை புரிந்த பிறகு எக்கோ அல்லது காம்போ.

எக்கோ கடைசியில் வருவது சிலருக்கு உறுத்தலாம். மீன் காட்டும் கருவிதானே கடனை அடைக்கும் என்று தோன்றும். ஆனால், முதல் மூன்றும் இல்லாமல் எக்கோ வாங்கியவர் மீனைக் கண்டுபிடித்துவிடுவார், வீட்டுக்கு வரும் வழிதான் தெரியாது. தவிர, ஒரு சீசன் போய் வந்தவருக்குத்தான் தன் கடலுக்கு 50 வேண்டுமா 200 வேண்டுமா என்பது தெரியும். 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்பது கடைக்கும் பொருந்தும்.

எந்தக் கருவியாக இருந்தாலும் வெயிலில் வெளியே கொண்டுவந்து திரை தெரிகிறதா என்று பாருங்கள். நனைந்த கையால் பட்டனை அழுத்திப் பாருங்கள். பழுது பார்க்கும் இடம் எந்த ஊரில் இருக்கிறது என்று கேளுங்கள். பில்லும் உத்தரவாத அட்டையும் இல்லாமல் விலை குறைத்துத் தருவதாகச் சொன்னால் யோசியுங்கள். பழைய கருவி வாங்கினால் அதில் யாருடைய பாயின்ட்களும் ட்ராக்கும் இருக்கின்றன என்று பார்த்துவிட்டு, எல்லை அலாரத்தை நீங்களே புதிதாகப் பதிந்துகொள்ளுங்கள்.

கருவி போனால் வாங்கலாம், பாயின்ட் போனால்?

ஜி.பி.எஸ் வருவதற்கு முன்பே நம் மீனவர்கள் இடம் கண்டுபிடித்தார்கள். கரையில் தெரியும் கோபுரம், மலை முகடு, பனை என்று இரண்டு இரண்டு அடையாளங்களை நேர்கோட்டில் சேர்த்து, அந்தக் கோடுகள் வெட்டும் இடத்தில் பார் இருப்பதை மனதில் வைத்திருந்தார்கள். குமரிக் கரையில் அதற்குக் கணியம் என்று பெயர். தகப்பன் மகனுக்கு மட்டுமே சொன்ன ரகசியங்கள் அதில் உண்டு.

இன்று அந்த ரகசியம் கருவியின் நினைவகத்தில் இருக்கிறது. பல வருட உழைப்பில் சேர்ந்த பாயின்ட்கள், கருவி கடலில் விழுந்தாலோ உப்பு ஏறிப் பழுதானாலோ ஒரே நொடியில் போய்விடும். கருவியைவிட அதற்குத்தான் மதிப்பு அதிகம். வாரம் ஒருமுறை புதிய பாயின்ட்களை ஒரு நோட்டில் எழுதி வைக்கும் பழக்கத்தை முதல் வாரத்திலிருந்தே ஆரம்பிப்பது நல்லது. எண், ஆழம், தரையின் தன்மை, கிடைத்த மீன், மாதம், காற்று என்ன காற்று, நீரோட்டம் எந்தப் பக்கம் என்று எழுதினால் போதும். வீட்டில் கையெழுத்து நன்றாக இருக்கும் மனைவியோ மகளோ இதைச் செய்யலாம். வீட்டுப் பெரியவரை ஒருநாள் படகில் அழைத்துப் போய், அவர் கணியத்தில் காட்டும் இடங்களை ஒவ்வொன்றாக ஜி.பி.எஸ்ஸில் குறித்துக்கொண்டால், ஒரு தலைமுறையின் அறிவு அடுத்ததற்குச் சேதாரமின்றி வந்து சேரும். எந்தக் கடையிலும் விற்காத வரைபடம் அது.

வீட்டுச் சுவரில் ஒட்ட வேண்டிய தாள்

படகில் எவ்வளவு கருவி இருந்தாலும், குறித்த நேரத்தில் திரும்பவில்லை என்பதை முதலில் உணர்வது வீட்டில் இருப்பவர்கள்தான். அந்த நேரத்தில் பதற்றத்தில் எதுவும் நினைவுக்கு வராது. கீழே உள்ளவற்றை ஒரு தாளில் எழுதி வாசல் பக்கம் ஒட்டிவைக்கலாம்.

- படகின் பெயர், பதிவு எண், நிறம், நீளம், இன்ஜின் வகை.
- இன்று போகிறவர்கள் எத்தனை பேர், அவர்களின் பெயர், செல்போன் எண்.
- எந்தப் பக்கம், எத்தனை பாகத்தில் தொழில், எத்தனை மணிக்குத் திரும்புவார்கள்.
- வயர்லெஸ்ஸில் வழக்கமாகப் பேசும் சேனல், பக்கத்தில் தொழில் செய்யும் இரண்டு படகுக்காரர்களின் எண்.
- டிரான்ஸ்பாண்டர் அல்லது டி.ஏ.டி கருவியின் எண்.
- இந்தியக் கடலோரக் காவல் படை: 1554. கடலோரப் பாதுகாப்புக் குழுமக் காவல்: 1093.

படகில் ஒட்ட வேண்டியது இன்னும் சின்னத் தாள். சேனல் 16-ல் 'மேடே' என்று மூன்று முறை, படகின் பெயர், இருக்கும் இடத்தின் எண்கள், என்ன ஆபத்து, எத்தனை பேர். கடலுக்கு வரும் ஒவ்வொருவரும், புதிதாக வரும் பையன் உட்பட, இதை ஒருமுறையாவது கரையில் வைத்துச் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும். கருவியை இயக்கத் தெரிந்த ஒரே ஆள் படகோட்டியாக இருந்து, கடலில் விழுந்தவரும் அவராகவே இருந்தால், எத்தனை இன்ச் திரை இருந்தும் பயன் இல்லை.